“எப்ப மாஸ்டர் கறுப்பு பெல்ட்?”

டேக்வாண்டோ பழகும் பிள்ளைகள். கேள்வி கேட்கும் பெற்றோர்!

மதுரை,

“ஹனா! துல்! செட்! நெட்!”

விடிந்தும் விடியாத நேரத்தில் இப்படி ஒரு சத்தம் கேட்டால் பயந்துவிட வேண்டாம். நம்ம ஊர்ப் பிள்ளைகள்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று கொரிய மொழியில் எண்ணுகிறார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் ஓர் உதை!

தமிழ் வாய்க்கு அந்த மொழி அவ்வளவு அந்நியமும் அல்ல. கொரியாவிலும் குழந்தைகள் அப்பாவை “அப்பா” என்றுதான் கூப்பிடுகிறார்கள். அம்மா அங்கே “ஒம்மா”!

கராத்தே அல்ல!

“பய எங்கே?” என்று கேட்டால், “கராத்தே கிளாசுக்குப் போயிருக்கான்” என்பார் பாட்டி. பாட்டிக்கு எல்லாமே கராத்தேதான். ஆனால் பேரன் பழகுவது டேக்வாண்டோ.

கராத்தே ஜப்பானியக் கலை. டேக்வாண்டோ கொரியக் கலை. ‘டே’ என்றால் கால். ‘குவான்’ என்றால் கை முஷ்டி. ‘டோ’ என்றால் வழி. 1955-ல் இந்தப் பெயர் சூட்டப்பட்டது. கையைவிடக் காலுக்கே இதில் வேலை அதிகம்.

இந்தியாவுக்கு இது வந்தது 1970-களின் நடுவில். கொண்டுவந்தவர் ஜிம்மி ஜக்தியானி. 1988 சியோல் ஒலிம்பிக்கில் காட்சிப் போட்டியாக நடந்தது. 2000-ம் ஆண்டு சிட்னியில்தான் பதக்கப் போட்டியானது.

காலடி முதலில்

சிலம்பத்துக்குப் பேர்போன சீமை இது. சிலம்ப வாத்தியார் எடுத்த எடுப்பில் கம்பைக் கையில் கொடுக்கமாட்டார். முதலில் காலடி. காலடி படிந்த பிறகுதான் கம்பு.

டேக்வாண்டோவிலும் அதே கதைதான். “சாரியோத்!” என்றதும் விறைப்பாக நிற்க வேண்டும். “கியோங்நே!” என்றதும் குனிந்து வணக்கம். வெறுங்காலோடு ஓட்டம். இடுப்பை இறக்கி நிற்கும் நிலை. பிறகு முன் உதை, சுழல் உதை, பின் உதை. உதைக்கும்போது அடிவயிற்றில் இருந்து ஒரு கத்தல்!

சித்திரை வெயிலில் வெள்ளை உடுப்பு தொப்பலாக நனைந்துவிடும். முதல் வாரம் தொடை வலிக்கும். மாடிப்படி ஏறமுடியாது. “அம்மா, நாளைக்கு லீவு போட்டுக்கிறேன்மா” என்று முனகல் வரும். முதல் மாதத்திலேயே நின்றுவிடும் பிள்ளைகளும் உண்டு.

வெள்ளை முதல் சிவப்பு வரை

சேரும்போது கட்டுவது வெள்ளை பெல்ட். ஒன்றும் தெரியாது என்று அர்த்தம். அடுத்தது மஞ்சள். விதை ஊன்றும் மண்ணின் நிறம். பிறகு பச்சை, பயிர் முளைத்துவிட்டது. நீலம், பயிர் வானத்தைப் பார்த்து வளர்கிறது. சிவப்பு, ஜாக்கிரதை, காலில் பலம் ஏறிவிட்டது, அடக்கம் வேண்டும்!

இவற்றுக்கு நடுவே கோடு போட்ட பெல்ட்டுகளும் உண்டு. மொத்தம் பத்துப் படி. பத்தில் தொடங்கி ஒன்று வரை இறங்கி எண்ணுவார்கள்.

மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை பரீட்சை நடத்துவது பல இடங்களில் வழக்கம். கூட்டிப் பார்த்தால் கறுப்பு பெல்ட் வாசலுக்கு வரச் சுமார் மூன்று வருஷம். தவறினால் இன்னும் கூடும்.

பரீட்சை நாள்

பரீட்சை என்றால் பேப்பரும் பேனாவும் இல்லை. ‘பூம்சே’ என்ற வரிசை அசைவுகளைச் செய்து காட்ட வேண்டும். எதிரி இருப்பதாக நினைத்துக்கொண்டு திரும்பித் திரும்பித் தடுப்பதும் அடிப்பதும்தான் பூம்சே. முதல் பூம்சேயில் 18 அசைவுகள். இப்படி எட்டு இருக்கின்றன. ஒரு திருப்பம் தப்பினால் போச்சு!

பிறகு உதை. பிறகு மோதல். கடைசியில் பலகை உடைப்பு.

எந்த வகுப்பிலும் ஒரு பையன் இருப்பான். நல்லா உதைப்பான். பரீட்சையன்று பூம்சேயில் இடதுக்குப் பதில் வலதில் திரும்பிவிடுவான். கூட வந்தவன் இடுப்பில் பச்சை. இவன் இடுப்பில் பழைய மஞ்சளே.

வாசலில் அம்மா காத்திருப்பார். “என்ன மாஸ்டர், எம்புள்ளைக்கு மட்டும் குடுக்கலையே! பீசு கட்டிட்டோமே!” என்பார்.

இங்கேதான் சிக்கலே!

மாதம் ஒரு கலரா?

பீஸ் கட்டியதற்காக பெல்ட்டைக் கொடுத்துவிடலாம். கொடுக்கிற இடங்களும் இருக்கின்றன. பெற்றோருக்குச் சந்தோஷம். போட்டோ எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பிள்ளை போட்டிக்குப் போகும்போது என்ன ஆகும்?

போட்டியில் மார்பில் குத்தினால் 1 புள்ளி. உடம்பில் உதைத்தால் 2. தலையில் உதைத்தால் 3. சுழன்று தலையில் உதைத்தால் அதைவிட அதிகம்! அதனால் எதிராளியின் கண் எப்போதும் தலை மேலேயே இருக்கும்.

மார்புக் கவசம் உண்டு. தலைக் கவசம் உண்டு. ஆனால் உதை வருவதைப் பார்த்து விலகும் கண்ணும் காலும் கடையில் கிடைக்காது. உழைத்து வாங்கிய நீலத்துக்கு எதிரே பணத்துக்கு வாங்கிய நீலம் நின்றால், அடி வாங்குவது மாஸ்டரும் இல்லை, பெற்றோரும் இல்லை. பிள்ளைதான்!

பாதிச் சிவப்பு, பாதிக் கறுப்பு

சரி, கறுப்பு பெல்ட் வாங்கியாச்சு. முடிந்ததா? இல்லை. அங்கேதான் ஆரம்பம்.

தென்கொரியத் தலைநகர் சியோலில் ‘குக்கிவோன்’ என்று ஒரு தலைமையகம். 1972-ல் திறக்கப்பட்டது. உலக டேக்வாண்டோ சங்கத்தின் சர்வதேசப் போட்டிகளுக்குப் போகிறவர்களின் கறுப்பு பெல்ட் அங்கே பதிவாகி இருக்க வேண்டும். சர்டிபிகேட்டில் நம்பர் இருக்கும். அந்த நம்பரை வைத்து உண்மையா, போலியா என்று சரிபார்க்கலாம்.

15 வயது ஆகாத பிள்ளைகளுக்கு அங்கே ‘பூம்’ என்ற பட்டம் தருகிறார்கள். அவர்கள் கட்டும் பெல்ட் பாதிச் சிவப்பு, பாதிக் கறுப்பு. வயது வந்த பிறகு அதை ‘டான்’ என்று மாற்றிக்கொள்ளலாம்.

டானிலும் படிகள் உண்டு. முதல் டானில் இருந்து இரண்டுக்குப் போகக் குறைந்தது 1 வருஷம் காத்திருக்க வேண்டும். இரண்டில் இருந்து மூன்றுக்கு 2 வருஷம். மூன்றில் இருந்து நான்குக்கு 3 வருஷம். எட்டில் இருந்து ஒன்பதுக்கு மட்டும் 9 வருஷம்! முதல் டானில் தொடங்கி ஒன்பதாம் டானைத் தொட மொத்தம் 38 வருஷம். அடேயப்பா!

ஏழு வயது மாஸ்டர்

இந்தக் கலையில் மதுரையின் பெயர் உலகம் முழுக்கப் போயிருக்கிறது. மதுரைச் சிறுமி சம்யுக்தா நாராயணன், உலகிலேயே மிகச் சிறிய வயது டேக்வாண்டோ பயிற்சியாளர் என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தார். 2023 ஆகஸ்டு 14-ந் தேதி அந்தச் சாதனையைச் செய்தபோது அவருக்கு வயது 7 வருஷம், 270 நாள்!

அவருடைய அப்பாவும் அம்மாவும் டேக்வாண்டோ மாஸ்டர்கள். வீடே பள்ளிக்கூடம்! நடை பழகும் வயதிலேயே உதையையும் பார்த்து வளர்ந்த பிள்ளை. அதைப் பார்த்துவிட்டு, “எம்புள்ளைக்கும் ஏழு வயசாச்சே!” என்று அடுத்த வீட்டுக்காரர் அவசரப்பட்டால் ஆகுமா?

சேர்க்கும் முன்பு கேளுங்கள்

மாஸ்டரின் டான் எத்தனை, குக்கிவோன் சர்டிபிகேட் இருக்கிறதா என்று கேளுங்கள். நல்ல மாஸ்டர் கோபப்படமாட்டார். எடுத்துக் காட்டுவார்.

பரீட்சையில் தவறிய பிள்ளைகள் உண்டா என்று கேளுங்கள். “எங்ககிட்ட யாருமே பெயில் ஆகமாட்டாங்க” என்று பதில் வந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

மோதல் பயிற்சியில் கவசம் போடுகிறார்களா என்று ஒருநாள் நின்று பாருங்கள்.

இன்னொன்று. தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு உண்டு. ஆனால் மஞ்சள், பச்சை பெல்ட் சர்டிபிகேட்டைக் காட்டி அந்த இடத்தைக் கேட்க முடியாது. அங்கீகாரம் பெற்ற போட்டிகளில் ஜெயித்திருக்க வேண்டும்.

மறுபடியும் மஞ்சள்

பரீட்சையில் தவறினானே, அந்தப் பையன்? அன்று ராத்திரி சோறு இறங்காது. அப்பா, “அடுத்த தடவை பார்த்துக்கலாம்டா” என்பார்.

அடுத்த வகுப்பு. மற்றவர்கள் வருவதற்கு முன்பே அவன் வந்து நிற்பான். இடுப்பில் அதே மஞ்சள். யாரும் சொல்லாமலேயே பூம்சேயைத் தொடங்குவான். தப்பிய திருப்பம் வரும். ஒரு நொடி நிற்பான். இடது பக்கம் திரும்புவான்.

மாஸ்டர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். ஒன்றும் சொல்லமாட்டார்.