பொறிக்கு எழுதும் விளக்கவுரை

முன்னுரை

ஒரு கருவியைச் செய்வோர் அதனைக் கையாளும் முறையையும் எழுதித் தருவது நெடுநாளைய வழக்கம். தையல் எந்திரம் வாங்கினால் உடன் ஒரு சிறு நூல் வரும். அதனைப் படியாமலே பலரும் எந்திரத்தை இயக்கிவிடுவர். ஐயம் எழுந்தால் கடைக்காரரை வினவித் தெளிவர். செயற்கை நுண்ணறிவு முகவருக்கென எழுதப்படும் விளக்கவுரையின் நிலை இதனின் வேறானது. எழுதியதை எழுதியவாறே நம்பிச் செயற்படும் வாசகர் அம்முகவர். அவ்வுரையில் நேரும் சொற்பிழை எங்ஙனம் மனிதரைத் தாக்கும் என்பதனைப் பயனர் பட்டியல் கருவி ஒன்றைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

முகவரும் கருவியும்

மனிதர் இட்ட பணியை ஏற்று, தனக்கு அளிக்கப்பட்ட கருவிகளுள் தக்கதைத் தானே தெரிந்து இயக்கும் கணினி நிரலே முகவர் எனப்படும். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்னும் பொது நெறிமுறை, கருவிகளை முகவருக்கு அறிமுகம் செய்யும் முறையை வகுத்துரைக்கிறது. கருவியின் பெயர், அதன் பயனைக் கூறும் விளக்கம், அதற்கு உள்ளிட வேண்டுவனவற்றின் அமைப்பு ஆகியன அதன்வழி முகவரைச் சென்றடைகின்றன. இவற்றைப் படித்தே எதனை எப்பொழுது இயக்குவது என முகவர் துணிகிறது. ஆகவே விளக்கவுரையைக் கருவியின் ஓர் உறுப்பாகவே கருதுதல் தகும்.

கிராஃபானாவின் பட்டியல்

வங்கி, மருத்துவமனை போன்றவற்றின் பின்னின்று இயங்கும் கணினிகளை இடையறாது அளந்து வரைபடமாகக் காட்டுவதும், பழுது நேரின் எச்சரிக்கை விடுப்பதும் கண்காணிப்புத் தளங்களின் பணியாகும். ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் டார்க்கெல் ஓடெகார்ட் உருவாக்கி, 2014இல் வெளிவந்த கிராஃபானா இவ்வகைத் தளங்களுள் பலரும் அறிந்த ஒன்று. அதனை முகவருடன் இணைக்கும் நிரலில் ‘லிஸ்ட் யூசர்ஸ் பை ஆர்க்’ என்னும் கருவி இடம்பெற்றுள்ளது. ஒரு நிறுவனக் கணக்கில் பதிவுபெற்ற பயனர்களை அது பட்டியலிட்டுத் தரும். கிராஃபானாவின் பயனர் பதிவில் அடையாள எண், பெயர், மின்னஞ்சல் முகவரி, பங்கு, இறுதியாகத் தளத்திற்கு வந்த நேரம் முதலிய செய்திகள் அடங்கும்.

பொருள் மயங்கும் இடங்கள்

பார்வைக்கு எளிதாய்த் தோன்றும் இப்பட்டியலில் மயக்கம் தரும் இடங்கள் நான்கு உள.

முதலாவது, பங்கு. காண்போர், திருத்துவோர், நிர்வாகி என்பன தளத்திற்குள் ஒருவர் செய்யத்தக்க செயலின் எல்லையைக் குறிப்பன. அலுவலகப் பதவியைக் குறிப்பன அல்ல. நிர்வாகி எனக் கண்டவரைத் துறைத்தலைவர் என முகவர் கொண்டால் செய்தி செல்லத் தகாத இடத்திற்குச் செல்லும்.

இரண்டாவது, இறுதியாக வந்த நேரம். அது கிராஃபானாவுக்குள் ஒருவர் நுழைந்த நேரமே அன்றி அவர் பணிக்கு வந்த நேரம் அன்று. இவ்வேறுபாட்டை உரை சுட்டாவிடில், நாள்தோறும் உழைக்கும் ஒருவரை ‘மூன்று திங்களாகச் செயற்படாதவர்’ என முகவர் அறிக்கை தரக்கூடும். அவ்வறிக்கையை மேலதிகாரி நம்பினால் ஒரு மனிதரின் நற்பெயர் கெடும்.

மூன்றாவது, உறுப்பினருக்கும் முறைப்பணியில் இருப்போருக்கும் உள்ள வேறுபாடு. நள்ளிரவில் பழுது நேர்ந்தால் எவரை எழுப்புவது என்னும் வினாவிற்கு இப்பட்டியல் விடை தாராது. அப்பொழுது முறைப்பணியில் இருப்போரைக் காட்டும் ‘கெட் கரண்ட் ஆன்கால் யூசர்ஸ்’ என்னும் வேறொரு கருவி அந்நிரலிலேயே உண்டு. ‘இவ்வினாவிற்கு அக்கருவியை நாடுக’ என ஒரு தொடர் எழுதினால் தொடர்பில்லாத ஒருவரின் உறக்கம் கெடாது. பழுதும் காலத்தில் நீங்கும்.

நான்காவது, பெயர். முகம்மது என்னும் ஒரு பெயரே முஹம்மத், முகமது, மொகமது எனப் பலவாறு எழுதப்படுவதை நம் கல்லூரி வருகைப் பதிவேட்டைக் கண்டோர் நன்கு அறிவர். ஆங்கில எழுத்தில் இவ்வேறுபாடு இன்னும் மிகும். பெயர் ஒத்தோர் பலர் இருப்பின் தானே ஒருவரைத் தேர்ந்துவிடாது, கேட்டுத் தெளிந்து, அடையாள எண்ணைக் கொண்டே மேற்செல்லுமாறு உரை பணித்தல் வேண்டும்.

எழுதுவோர் கொள்ள வேண்டிய நெறி

நூலுக்குரிய குற்றங்களாக நம் இலக்கணிகள் வகுத்தனவற்றுள் சில இங்கும் பொருந்துதல் காணலாம். ‘பெயர், பங்கு முதலியன’ எனக் கூறி நிறுத்துவது குன்றக் கூறல். எஞ்சியவற்றை முகவர் ஊகிக்க நேரும். வேண்டாதன விரிப்பது மிகைபடக் கூறல். முகவர் ஒரே நேரத்தில் ஏற்கும் உரைக்கு எல்லை உண்டாதலின், அது பணிக்குரிய இடத்தைக் கவர்ந்துகொள்ளும். அடையாள எண் வேண்டுமா, பயனர் பெயர் வேண்டுமா எனத் தெளிவிக்காமல் ‘பயனர்’ என மட்டும் எழுதுவது மயங்க வைத்தல்.

உரையின் எல்லையையும் உணர்தல் வேண்டும். ஒரு கருவி படிப்பதற்கு மட்டுமே உரியது எனக் குறிக்கும் வாய்ப்பு 2025 மார்ச்சில் வெளியான நெறிமுறைப் பதிப்பில் சேர்க்கப்பட்டது. எனினும் அது குறிப்பே அன்றிப் பூட்டு அன்று. படிக்க மட்டும் இயலும் கருவியும் பலருடைய மின்னஞ்சல் முகவரிகளை வெளிக்கொணர வல்லது. தீயோர் எழுதிய கட்டளை ஒன்று பழுதுக் குறிப்பினூடே கலந்து வந்தால், அதனையும் தனக்கிட்ட பணியாக மயங்கி முகவர் அம்முகவரிகளைப் பிறர்க்கு அனுப்பிவிடக்கூடும். ஆதலின் தேவையான அளவே அனுமதி வழங்குதலும், பட்டியலை வெளியே அனுப்புமுன் மனிதரின் இசைவைப் பெறச் செய்தலும் இன்றியமையாதன.

நிறைவுரை

பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரியும் ஒரு மனிதரைக் குறிக்கிறது. அவருடைய பெயர், பொறுப்பு, ஓய்வு, மானம் ஆகியன அவ்வரியை விளக்கும் சொற்களைச் சார்ந்துள்ளன. கணினித் துறை மாணவர் கருவியைச் செய்யலாம். அதன் பொருள் திரிபடாமல் உரை எழுதும் பயிற்சி மொழித்துறை மாணவர்க்கு உரியது. இருவரும் ஒருங்கமர்ந்து எழுதும் உரையே மனிதர்க்குத் தீங்கு பயவாத உரையாகும்.