கடைசிக் கிணற்றின் கணக்கு

நெய்வேலியின் சரித்திரம் கிணற்றில் தொடங்கியது. 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணற்று நீரோடு வெளிவந்த கரும்பொருளே பழுப்பு நிலக்கரி. 1957-ல் ஜவஹர்லால் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். கரிக்கடியிலுள்ள ஊற்று சுரங்கத் தளத்தைப் பிளந்துவிடாதபடி இரவு பகலாக நீர் இறைக்க வேண்டியிருக்கிறது. தங்கள் கிணறுகள் தாழ்ந்துவிட்டனவென்று சுற்றுக் கிராமத்து ஜனங்கள் நெடுநாளாக முறையிட்டு வருகின்றனர்.

வழக்குத் தீர வேண்டுமானால் கணக்கு வேண்டும். இதற்குக் கம்பியில்லா உணர்கருவிகளை ஏற்படுத்தலாமென்பது நமது அபிப்பிராயம். கிணறுதோறும் நீர்மட்டம் அளக்கும் ஒரு சிறு கருவி. அது தன் அளவை ரேடியோ மூலம் அடுத்த கருவிக்குச் சொல்லும். இவ்வாறு கைமாறிச் செய்தி நிலையத்தை அடையும். பாட்டரி தீர்ந்தால் கருவி ஊமையாகும். அக்கருவிக்குக் கணக்கிடச் செலவாகும் சக்தி சொற்பம், பேசுவதற்கே அதிகம். ஒரு பிட் செய்தியை அனுப்பும் சக்தியில் ஏறக்குறைய 800 கட்டளைகளை நிறைவேற்றலாமென்று 2002-ல் அமெரிக்காவின் பெர்க்கிலி சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர் குறித்தனர். ஆதலால் எல்லா அளவுகளையும் நிலையத்துக்குச் சுமந்து வராமல், வழியிலேயே திரட்டிச் சுருக்கும் முறையொன்றை வகுத்தனர்.

முறை நன்று. ஆயினும் இங்கேதான் நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். ஒன்பது கிணறுகளில் 20 அடி நீரிருந்து, பத்தாவது வறண்டு கிடந்தால் சராசரி 18 அடி. பத்தாவது கிணற்றுக்காரர் அந்த 18 அடியைக் குடிக்க முடியுமா?

சிக்கனத்துக்காகச் சராசரி கேட்கிறோமென்று அதிகாரிகள் சொல்வதற்கும் இடமில்லை. சராசரிக்குக் கூட்டுத்தொகை, எண்ணிக்கை என இரண்டு எண்கள் வேண்டும். மிகக் குறைந்த நீர் எவ்வளவு, அது எந்தக் கிணறு என்று கேட்டாலும் இரண்டே எண்கள். அன்றியும், தன்னினும் தாழ்ந்த அளவை அண்டைக் கருவி சொல்லக் கேட்ட கருவி மௌனமாயிருந்துவிடலாம். அதனால் பாட்டரியும் மிஞ்சும். ஆகவே ஏழையின் கிணற்றைப் பற்றிய கேள்வியே மலிவான கேள்வி!

கருவி கேட்டதற்கு மட்டுமே விடை சொல்லும். கேள்வியை வகுக்கும் உரிமை நீர் இறைப்பவர் கையில் மட்டும் இருத்தல் தகாது. கிராமப் பஞ்சாயத்துக்களுக்கும் அது வேண்டும். விடை வாரந்தோறும் பஞ்சாயத்துப் பலகையில் தமிழில் எழுதப்பட வேண்டும். ஊருக்கெல்லாம் விளக்கேற்றும் நெய்வேலியில் தண்ணீர்க் கணக்கு இருட்டில் கிடக்கலாகாது.