முதற்பிள்ளை சிசேரியன்... அடுத்தது?

"ஒரு தடவை வயிற்றைக் கீறிப் பிள்ளை எடுத்தால், பிறகு எல்லாப் பிள்ளையும் கீறித்தான் எடுக்க வேண்டும்."

அன்புச் சகோதரியே, முதற்பிள்ளையைச் சிசேரியன் மூலம் பெற்றெடுத்த நீங்கள் இந்தப் பேச்சைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. மாமி சொல்வார், ராத்தா சொல்வார், பிள்ளை பார்க்க வந்த பக்கத்து வீட்டுச் சாச்சியும் சொல்லிவிட்டுத்தான் போவார். மறுபக்கத்தில், "நான் ஏழு பிள்ளையும் வீட்டிலே பெத்தவள், உனக்கென்ன வந்தது?" என்று கேட்கின்ற உம்மம்மாவும் இருப்பார். ஒருவர் உங்களை ஒப்பரேஷன் மேசைக்கு அனுப்புகிறார். மற்றவர் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதே என்கிறார். இருவரும் உங்கள் மீதுள்ள அன்பினால்தான் பேசுகிறார்கள். ஆனால் உங்கள் கருப்பையில் எந்த இடத்தில் தையல் போடப்பட்டிருக்கிறது என்பது இருவருக்குமே தெரியாது. பெரும்பாலும் உங்களுக்கும் தெரியாது. விஷயமே அங்கேதான் இருக்கிறது.

மாமி சொல்லும் அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது தெரியுமா? 1916ஆம் ஆண்டில் நியூயோர்க்கைச் சேர்ந்த எட்வின் கிரேகின் என்ற மகப்பேற்று மருத்துவர் எழுதியது அது. அவர் அதனைத் தாய்மாரைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. "முதல் ஒப்பரேஷனை இலேசாகச் செய்துவிடாதீர்கள், அதன் பின்விளைவு நீண்டது" என்று தம் சக வைத்தியர்களை எச்சரிப்பதற்காகவே எழுதினார். அந்தக் காலத்தில் கருப்பையின் மேற்பகுதியை மேலிருந்து கீழாக நெடுக்கே வெட்டினார்கள். பிரசவ வலியின்போது பலமாகச் சுருங்கி விரிகின்ற தசை அந்த மேற்பகுதியில்தான் இருக்கிறது. அங்கே தழும்பு இருந்தால் அடுத்த பிரசவ வலியில் அது பிரிந்துவிடும் அபாயம் அதிகம். ஆகவே அன்று அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பின்னர் 1920களில் கிளாஸ்கோவைச் சேர்ந்த மன்றோ கெர் என்ற வைத்தியர், கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டும் முறையை வலியுறுத்திப் பரவச் செய்தார். கீழ்ப்பகுதி மெல்லியது, அவ்வளவு பலமாகச் சுருங்காதது. அங்குள்ள தழும்பு அநேகமாகத் தாக்குப் பிடிக்கும். இன்று நடைபெறும் சிசேரியன்களில் மிகப் பெரும்பாலானவை இந்த முறையில்தான் நடக்கின்றன. வெட்டு மாறிவிட்டது, பேச்சு மட்டும் மாறவில்லை!

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வயிற்றின் வெளியே தெரியும் தழும்பைப் பார்த்து உள்ளே இருப்பதைத் தீர்மானிக்க முடியாது. தோலில் குறுக்காக வெட்டி, உள்ளே கருப்பையில் நெடுக்காக வெட்ட நேரிட்டிருக்கலாம். மாதம் நிறையாத குழந்தை, குறுக்கே கிடந்த குழந்தை போன்றவற்றை எடுக்கும்போது சில வேளைகளில் இவ்வாறு நடப்பதுண்டு. வெட்டு கிழிந்து மேல்நோக்கி நீண்டிருக்கவும் கூடும். இவையெல்லாம் ஆஸ்பத்திரிக் குறிப்பில் இருக்கும்.

ஆகவே முதல் வேலை, அலுமாரியைத் திறப்பது. காணி உறுதியையும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் பத்திரமாக வைக்கிற நாம், வார்ட்டிலிருந்து வரும்போது தந்த துண்டை எங்கோ போட்டுவிடுகிறோம். அந்தத் துண்டைத் தேடி எடுங்கள். கிடைக்காவிட்டால், பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரிக்கு உங்கள் கணவரை அனுப்பி, திகதியையும் வார்ட்டையும் சொல்லிக் கேட்கச் செய்யுங்கள். முதலாவது கிளினிக்குக்குப் போகும்போதே அதைக் கொண்டுபோய், "டொக்டர், எனக்குக் கருப்பையில் வெட்டியது எந்த இடத்தில்? என்ன காரணத்துக்காக வெட்டினார்கள்?" என்று கேளுங்கள். இந்த இரண்டு கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டால் பாதி விஷயம் தெளிவாகிவிடும்.

மேற்பகுதியில் வெட்டு இருந்தால், அல்லது முன்னொரு தடவை கருப்பை கிழிந்திருந்தால், சுகப்பிரசவத்துக்கு முயற்சிக்கக் கூடாது. கருப்பையில் கட்டி எடுத்த சத்திரசிகிச்சை நடந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இம்முறை நஞ்சுக்கொடி கருப்பையின் வாயை மூடிக் கிடந்தாலும் ஒப்பரேஷன்தான். இதில் தர்க்கத்துக்கு இடமில்லை.

அடுத்தது காரணம். குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் இருந்தது, இதயத் துடிப்பு குறைந்தது என்பவை போன்ற காரணங்கள் ஒவ்வொரு முறையும் வருவதில்லை. அப்படியானவர்களுக்கு இம்முறை வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. வலி கண்டு மணிக்கணக்காகியும் பிள்ளை இறங்காமல் வெட்டியிருந்தால் வாய்ப்பு சற்றுக் குறையும், ஆனால் இல்லாமற் போகாது. பிரித்தானிய மகப்பேற்று வைத்தியர்களின் றோயல் கல்லூரி 2015இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, ஒரு சிசேரியனுக்குப் பின் திட்டமிட்டுச் சுகப்பிரசவத்துக்கு முயற்சித்த 100 தாய்மாரில் 72 முதல் 75 பேருக்கு அது கைகூடுகிறது. சிசேரியனுக்கு முன்னரோ பின்னரோ ஒரு பிள்ளையைச் சாதாரணமாகப் பெற்றவராக இருந்தால் 85 முதல் 90 பேருக்கு.

சரி, அபாயம்? அதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பழைய தழும்பு வலியின்போது பிரிந்துவிடலாம். இது ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு நேர்கிறது. நேர்ந்தால் நிமிடக் கணக்கில் ஒப்பரேஷன் செய்தாக வேண்டும். தவறினால் குழந்தையின் உயிர் போகலாம், தாயின் கருப்பையை அகற்ற வேண்டியும் வரலாம். இருநூறில் ஒன்று என்பது சிறிய எண்தான். ஆனால் வசதியுள்ள ஆஸ்பத்திரியில் இருப்பவருக்குத்தான் அது சிறியது. வீட்டில் இருப்பவருக்கு அல்ல. முறையான கண்காணிப்பில் முயற்சிக்கும்போது பிரசவத்தை ஒட்டிக் குழந்தை இறக்கும் அபாயம் 10,000இல் 4 என்று அதே வழிகாட்டி கூறுகிறது. முதற்பிள்ளை பெறும் தாய்க்கும் ஏறக்குறைய இதே அளவுதான்.

"அப்படியானால் வெட்டியே எடுத்துவிட்டால் நிம்மதிதானே?" என்று கேட்பீர்கள். இரண்டு பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்பவருக்கு அது நியாயமான முடிவாகவும் இருக்கலாம். 39 வாரம் நிறைந்தபின் திகதி குறித்துச் செய்யும் ஒப்பரேஷனில் தழும்பு பிரியும் அபாயம் மிகமிகக் குறைவு. ஆனால் நம் வீடுகளில் மூன்று, நான்கு பிள்ளைகள் சாதாரணம். அங்கேதான் கணக்கு மாறுகிறது. ஒவ்வொரு வெட்டும் ஒரு தழும்பை விட்டுச் செல்கிறது. அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி கீழே இறங்கி அந்தத் தழும்பின்மேல் ஒட்டிக்கொண்டால், பிரசவத்தின் பின் அது பிரிந்து வராமல் இரத்தம் ஆறாகப் பெருகும். 2006இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வைப் பாருங்கள். நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடிக் கிடந்த தாய்மாரை மட்டும் எடுத்துக் கணக்கிட்டபோது, அது கருப்பைச் சுவருக்குள் வேரோடியிருந்தது முதலாவது சிசேரியனில் 100க்கு 3 பேருக்கு, இரண்டாவதில் 11, மூன்றாவதில் 40, நான்காவதில் 61. நஞ்சுக்கொடி கீழே இறங்குவது எல்லோருக்கும் நடப்பதல்ல என்பது உண்மைதான். ஆனாலும் இந்த ஏற்றத்தைப் பார்த்த பிறகு, "எத்தனை பிள்ளைகள் வேண்டும்?" என்ற பேச்சைக் கணவனும் மனைவியும் இரண்டாவது பிரசவத்துக்கு முன்னரே பேசிக்கொள்வது நல்லது. பலர் நான்காவது பிள்ளைக்குக் கிளினிக் போகும்போதுதான் இதை முதன்முதலாகக் கேள்விப்படுகிறார்கள்.

இரண்டு சிசேரியன் முடிந்தவர்களின் நிலை என்ன? கதவு முற்றாக மூடப்படவில்லை. முயற்சித்தவர்களில் 100க்கு 71 பேரளவில் வெற்றி பெற்றிருக்கிறார்கள். தழும்பு பிரியும் அபாயம் 100க்கு ஒன்றைச் சற்றுத் தாண்டுகிறது. ஆனால் எல்லா வைத்திய நிபுணர்களும் இதற்கு இணங்குவதில்லை. அதற்காக அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. மூன்று வெட்டுக்குப் பின் பெரும்பாலும் ஒப்பரேஷனையே சொல்வார்கள். இணங்காத வைத்தியரை ஏமாற்றிவிட்டு, வலியை மறைத்துக்கொண்டு வீட்டிலே இருந்து, "தலை தெரிகிற நேரத்தில் போனால் வெட்ட மாட்டார்கள்தானே" என்று எண்ணுகிற சகோதரிகளும் இருக்கிறார்கள். தயவு செய்து இதை மட்டும் செய்யாதீர்கள். தழும்பு பிரிகிற அந்த நிமிடத்தில் நீங்கள் முச்சக்கர வண்டியில் இருந்தால் உங்களுக்கு யார் உதவ முடியும்?

திட்டமிடுவது என்றால், கர்ப்பம் தரிக்கும் முன்பே தொடங்க வேண்டும். முந்திய ஒப்பரேஷனுக்கும் அடுத்த பிரசவத்துக்கும் இடையில் 18 மாதமாவது இல்லாவிட்டால் தழும்பு பிரியும் அபாயம் கூடுகிறது. இரண்டு வருடம் பாலூட்டி வளர்க்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஆனால் பாலூட்டுவதை மட்டும் நம்பி இருந்து ஒரு வருடத்திலே மீண்டும் உண்டானவர்களும் நம்மிடையே உண்டு. இடைவெளி பற்றி மருத்துவ மாதுவிடம் வெட்கப்படாமல் கேளுங்கள்.

எந்த ஆஸ்பத்திரி என்பது அடுத்த கேள்வி. வீட்டுக்குக் கிட்ட என்பதற்காகச் சிறிய ஆஸ்பத்திரியைத் தெரிவு செய்யாதீர்கள். இரவு இரண்டு மணிக்கும் தியேட்டர் திறந்திருக்கவும், மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியர் இருக்கவும், இரத்தம் கிடைக்கவும் வேண்டும். பெண் வைத்தியர்தான் வேண்டும் என்ற விருப்பம் இருந்தால் அதைக் கிளினிக்கிலேயே முன்கூட்டிச் சொல்லுங்கள், கிடைக்கலாம். வலி கண்டபின் அதற்காக ஆஸ்பத்திரி மாற்றிக்கொண்டு திரியாதீர்கள்.

திகதி தாண்டியும் வலி வராவிட்டால் என்ன செய்வது என்பதையும் முன்பே பேசி வையுங்கள். மருந்து வைத்து வலியை வரவழைப்பது இங்கே இலேசான விஷயமல்ல. 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தானாக வலி கண்டவர்களில் 1,000க்கு 5 பேருக்குத் தழும்பு பிரிந்தது. புரோஸ்டாகிளாண்டின் மருந்து வைத்தவர்களில் 1,000க்கு 24 பேருக்கு மேல். பலூன் வைக்கும் முறையில் அபாயம் இதைவிடக் குறைவு என்பதால் சில வைத்தியர்கள் அதை விரும்புகிறார்கள். சிலர் நேரே ஒப்பரேஷனுக்கே போவார்கள். ஆஸ்பத்திரியிலே இவ்வளவு யோசிக்கிற விஷயத்துக்கு, வீட்டில் ஆமணக்கெண்ணெயும் கசாயமும் கொடுத்து "வலியைக் கிளப்பி" விடுவது எவ்வளவு பயங்கரம் என்று எண்ணிப் பாருங்கள். பெரியவர்களிடம் மரியாதையாகவே மறுத்துவிடலாம்.

வலி தொடங்கியதும், அல்லது பன்னீர்க்குடம் உடைந்ததும், புறப்பட்டுவிடுங்கள். வாகனத்தை ஏற்கனவே பேசி வைத்திருங்கள். உள்ளே போனதும் "எனக்கு முன்பு சீசர் செய்தது" என்பதே உங்கள் முதல் வார்த்தையாக இருக்கட்டும். குழந்தையின் இதயத் துடிப்பைத் தொடர்ந்து பார்க்கும் கருவியை வயிற்றில் கட்டுவார்கள். அசௌகரியமாக இருந்தாலும் கழற்றச் சொல்லாதீர்கள். தழும்பு பிரிகிறதென்பதை அநேகமாக முதலில் காட்டிக் கொடுப்பது அந்தத் துடிப்புத்தான். வலிக்கும் வலிக்கும் இடையில் ஓயாமல் தழும்பிலே நோவு எடுத்தால், இரத்தம் பட்டால், வந்துகொண்டிருந்த வலி திடீரென நின்றுபோனால் உடனே தாதியைக் கூப்பிடுங்கள். "தொல்லை கொடுக்கிறாள்" என்று நினைப்பார்களோ என்று பேசாமல் கிடக்க வேண்டாம்.

இவ்வளவும் செய்தும் 100க்கு 25 பேரளவில் கடைசியில் தியேட்டருக்குத்தான் போக நேரிடுகிறது. வலி கண்டபின் செய்யும் ஒப்பரேஷன், திகதி குறித்துச் செய்வதைவிடக் கொஞ்சம் சிரமமானது. இரத்தப்போக்கும் கிருமித் தொற்றும் கூடுதலாக வரலாம். இதைத் தெரிந்துகொண்டேதான் முயற்சியில் இறங்க வேண்டும். வீட்டார் தெரிந்திருக்க வேண்டியது இன்னொன்று. பிள்ளை எந்த வழியால் வந்தாலும் பெற்றவள் அவள்தான். "மற்றவள் பெற்றாளே, உன்னால் முடியவில்லையே" என்ற ஒரு சொல் தையலை விட நாட்பட நோகும். அதை மாமிமார் சொல்லாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கணவர்மாருக்கு உண்டு.

வார்ட்டிலிருந்து துண்டு வெட்டி அனுப்பும் நாளில், இம்முறை என்ன நடந்தது, எங்கே வெட்டினார்கள், அடுத்த முறை சுகப்பிரசவத்துக்கு முயற்சிக்கலாமா என்பதை டொக்டரிடம் கேட்டு அதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் அதைக் காணி உறுதியோடு வையுங்கள்.