மின்சார விமானமும் குறுந்தூரப் பயணமும்

மின்சாரத்தால் விமானத்தைச் செலுத்தலாம் என்றாரை, கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்ட முடவனோடு ஒப்பிட்டு நகைத்தோர் உளர். அந்நகைப்பு இன்று அடங்கிவிட்டது. 2019ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆந் திகதி, கனடாவின் வன்கூவர் நகருக்கு அண்மையில், ஹாபர் எயர் நிறுவனத்தின் பழைய பீவர்க் கடல்விமானம் ஒன்று 750 பரிவலுவுடைய மின்மோட்டர் பூட்டப்பெற்று, பிறேசர் ஆற்றினின்றும் மேலெழுந்தது. 2022ஆம் ஆண்டிலே அவ்விமானம் 72 கிலோமீற்றரை 24 நிமிடத்திற் கடந்து வன்கூவர்த் தீவை அடைந்தது. ஆகவே, பறக்குமோ என்பது இனி வினாவன்று; எவ்வளவு தூரம் பறக்கும் என்பதே வினா.

விடை பாரத்தில் அடங்கியுள்ளது. ஒரு கிலோகிராம் விமான எரிபொருளில் ஏறக்குறைய 12 கிலோவாற்று மணிச் சத்தி உண்டு. அதே நிறையுடைய இலிதியம் மின்கலத்தில் அடங்குவது ஏறக்குறையக் கால் கிலோவாற்று மணியே. எரிபொறி தான் பெறும் சத்தியில் மூன்றிலொரு பங்கையே பயனாக்க, மின்மோட்டர் பத்தில் ஒன்பது பங்கைப் பயனாக்கும் என்பது மெய். அதனைக் கணக்கிற் கொண்டபோதும், எரிபொருள் பதினெட்டு மடங்கு மேம்பட்டு நிற்கின்றது. மேலும், எரிபொருள் எரிய எரிய விமானம் இலேசாகும். மின்கலமோ சத்தி தீர்ந்த பின்னரும் பாரங் குறையாது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். மணிக்கு 250 கிலோமீற்றர் வேகமுடைய மின்விமானமொன்று மொத்தம் 220 கிலோமீற்றர் பறக்க வல்லது என்க. இறங்குதுறையில் வானிலை கெடின் வட்டமிட்டுக் காத்திருத்தற்கு 30 நிமிடச் சத்தி கைவசம் இருத்தல் வேண்டும். அதே வேகத்தில் அது 125 கிலோமீற்றருக்குச் சமம். பயணத்துக்கு எஞ்சுவது 95 கிலோமீற்றரே. மின்கலம் முதுமையுற்று ஐந்திலொரு பங்கு திறனை இழப்பின், எஞ்சுவது 51 கிலோமீற்றராகச் சுருங்கும். ஏனெனில், இழப்பு முழுவதும் பயணத்தின்மீதே விழும். பயணிகளின் உயிர்க்காப்பாகிய அந்த 30 நிமிடத்தில் எவரும் கைவைத்தலாகாது.

ஆதலின் மின்விமானத்துக்கு இன்று ஏற்றவை மிகக் குறுகிய பறப்புக்களே. 2020இல் ஐரோப்பாவிற் சான்று பெற்ற வேலிஸ் எலெக்ட்ரோ என்னும் இருவர் விமானம் பயிற்சிக்குப் பயன்படுகின்றது. ஸ்கொத்லாந்தின் ஓர்க்னித் தீவுகளில் வெஸ்ற்றேக்கும் பாப்பா வெஸ்ற்றேக்கும் இடையே விமானம் இரண்டு நிமிடத்திற் சென்றடைகின்றது. மின்விமானம் முதலிற் காலூன்றத்தக்கவை இத்தகைய தீவுவழிகளே.

மாணவர்கள் மேற்காட்டிய கணக்கை மறுதலையாகவும் செய்து பார்ப்பாராக. அதே நிறையில் மின்கலத்தின் திறன் இருமடங்காயின், பயணத்தூரம் 95இலிருந்து 315 கிலோமீற்றராக உயரும், மும்மடங்குக்கும் மேல்! மின்விமானத்தின் எதிர்காலம் அதன் சிறகிலன்று, இரசாயன ஆய்வுகூடத்திலேயே தங்கியுள்ளது.