கண்டியில் வீடு பார்க்குமுன் மலையைப் பாருங்கள்

கண்டியில் வீடு விற்பவர்களும் வாடகைக்குக் கொடுப்பவர்களும் முதலில் சொல்வது குளிர்மையான காற்றையும் மலைக்காட்சியையும்தான். இரண்டும் உண்மை. ஆனால் அந்தக் காற்று எந்த நேரத்தில் எங்கே தேங்கி நிற்கிறது, அந்த மலையின் மண் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதைத் தரகர் சொல்வதில்லை. குடியேறப் போகிறவர் அறிந்திருக்க வேண்டியவை அவைதான். பாடசாலை, சந்தை, பஸ் வசதி பற்றியெல்லாம் போய் ஒரு கிழமையில் கேட்டு அறிந்துகொள்ளலாம். நிலத்தைப் பற்றித் தெரியாமல் முற்பணம் கொடுத்துவிட்டால் திருத்துவது கடினம்.

தமிழ் பேசும் மக்கள் பல திசைகளிலிருந்து இந்நகருக்கு வருகிறார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டுப் பின்னாலேயே வரும் யாழ்ப்பாணத்துக் குடும்பம் உண்டு. வைத்தியசாலையை நாடி வந்து தங்கிவிடும் வவுனியாக்காரர் உண்டு. ஹற்றன், நுவரெலியாப் பக்கமிருந்து வேலைக்காக இறங்கி வருபவர்கள் அதிகம். ஒவ்வொருவரும் தத்தம் ஊரின் நில அறிவோடுதான் வருகிறார்கள். யாழ்ப்பாணத்தவருக்குக் கிணற்று நீரின் உவர்ப்பைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. சரிவான நிலத்தில் வாழ்ந்த அனுபவம் அவருக்கு இல்லை. நுவரெலியாக்காரருக்குச் சரிவு பழக்கம். டெங்கு நுளம்பு பழக்கமில்லை. கண்டிக்கென்று தனியாகக் கற்க வேண்டியது இருவருக்கும் இருக்கிறது.

நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு ஆயிரம் மீற்றர் உயரத்துக்கும் காற்றின் வெப்பம் சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறையும் என்பது வளிமண்டலத்தின் பொது விதி. அந்தக் கணக்குப்படியே கண்டி கொழும்பைவிட மூன்று பாகை அளவு குளிர்ந்திருக்கிறது. மகாவலி மேற்கு, வடக்கு, கிழக்கு என மூன்று பக்கமும் வளைந்து ஓட, தெற்கே ஹந்தானை மலைத்தொடர் நிற்கிறது. உடவத்தகெலே காடும் பஹிரவகந்தையும் நகரின் நடுப்பகுதியை இன்னும் நெருக்கி மூடுகின்றன. 1815 வரை கண்டி இராச்சியத்தைக் காத்ததில் இந்த மலைகளுக்கும் ஆற்றுக்கும் பெரும் பங்குண்டு. நகரம் ஒரு கிண்ணத்தின் அடியில் இருக்கிறது. அன்று படைகளைத் தடுத்த அதே விளிம்பு இன்று வாகனப் புகையை வெளியேற விடாமல் தடுக்கிறது.

இரவில் வானம் தெளிவாக இருந்தால் மலைச்சரிவுகள் வேகமாகச் சூடிழக்கும். அவற்றைத் தொட்டு நிற்கும் காற்றும் குளிர்ந்து, பாரம் கூடி, சரிவு வழியே மெல்ல இறங்கிப் பள்ளத்தாக்கில் தேங்கும். அதன்மேல் வெப்பமான காற்று மூடிபோலப் படிந்துவிடும். வழக்கமாக மேலே போகப் போகக் குளிர வேண்டிய காற்று இங்கே தலைகீழாக இருப்பதால் இதை வெப்பத் தலைகீழ் நிலை என்பார்கள். வெயில் ஏறித் தரை சூடாகும்வரை அந்த மூடி கலையாது. பாடசாலை வான்களும் பஸ்களும் பேராதனை வீதியிலும் கட்டுகஸ்தோட்டை வீதியிலும் தென்னக்கும்புரப் பக்கத்திலும் வரிசைகட்டி நகருக்குள் நுழைவது சரியாக அந்த நேரத்தில்தான். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியராக இருந்த ஒலிவர் இலேபெரும கண்டியின் காற்று மாசைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆய்வு செய்து எச்சரித்தவர். கொழும்பைவிட மிகச் சிறிய நகரம், வாகனங்களும் குறைவு, ஆனால் புகை போக வழியில்லை என்பதே பிரச்சினையின் சாரம்.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் நிலைமை பரவாயில்லை. காற்று ஓயும் நவம்பர் முதல் பெப்ரவரி வரையான காலமே மோசம்; இந்தியப் பெருநிலத்திலிருந்து வரும் மாசும் அப்போது சேர்ந்துகொள்ளும். 2022 டிசம்பரில் அப்படி வந்த மாசினால் நாட்டின் பாடசாலைகளை ஒருநாள் மூட வேண்டியதாயிற்று. ஆஸ்துமா உள்ள பிள்ளையோ முதியவரோ வீட்டில் இருந்தால், நகர மையத்தின் பிரதான வீதியோர வீடு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வீட்டைப் பார்க்கப் பிற்பகலில் போகாதீர்கள். காலை ஏழு மணிக்குப் போய் அங்கே நின்று மூச்சு விட்டுப் பாருங்கள்.

மழை விடயத்தில் கண்டியை ஒரே ஊராக நினைக்கக் கூடாது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 முதல் 2,000 மில்லிமீற்றர் பெய்யும் நகரத்திலிருந்து கம்பளை, நாவலப்பிட்டிப் பக்கம் போகப் போக மழை கூடும். குண்டசாலை, திகனப் பக்கம் போனால் குறையும். தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலையின் மேற்குப் பக்கத்தில் கொட்டிவிட்டு வறண்ட காற்றாகக் கிழக்கே இறங்குவதே காரணம். துணி காயாமல் சுவரில் பூஞ்சணம் படியும் வீடும், மார்ச் மாதத்தில் புல் கருகிக் கிடக்கும் வளவும் ஒரே மாவட்டத்துக்குள் இருக்கின்றன. நகரத்துக்கு அதிக மழை ஒக்டோபரிலும் நவம்பரிலும்.

இனி மண்சரிவு. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இலங்கையைக் கடந்தபோது நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கடலிலிருந்து வந்த புயலில் மிக அதிக உயிர்களை இழந்தது கடலோர மாவட்டம் அல்ல, கண்டி மாவட்டம். பலரைக் கொன்றது காற்றல்ல, மழையில் ஊறிய மண்.

கண்டி மலைகளின் அடியில் இருப்பவை கோடிக்கணக்கான ஆண்டுகள் பழைமையான உருமாறிய பாறைகள். வெப்பமண்டல மழையிலும் வெயிலிலும் அவற்றின் மேற்பகுதி உக்கிச் சிவந்த மண்ணாகிவிட்டது. இந்த மண்போர்வை சில இடங்களில் பல மீற்றர் தடிப்பானது. உலர்ந்திருக்கும்போது மண்துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும். வெட்டிய சுவர் பத்து வருடமாக அசையவில்லை என்று வீட்டுக்காரர் பெருமையாகக் காட்டுவது அதனால்தான். நீர் இறங்கிப் பாறைமேல் தேங்கும்போது கதை மாறுகிறது. துளைகளில் நிறைந்த நீரின் அழுத்தம் துகள்களைப் பிரித்துத் தள்ளும். மண்ணுக்கும் பாறைக்கும் இடையிலான உராய்வு குறையும். பாரமும் கூடும். பத்துப் பேர்ச் காணியில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் அங்கே விழும் நீர் மட்டும் 25,000 லீற்றர், அதாவது 25 தொன். அதைச் சாக்கடையும் வாய்க்காலும் கொண்டுபோகாவிட்டால் மண்தான் குடிக்க வேண்டும்.

இயற்கைச் சரிவு நூற்றாண்டுகளாகத் தனக்கென்று ஒரு சமநிலையை வைத்திருக்கும். வீடு கட்ட அடிவாரத்தை வெட்டும்போது மேலே உள்ள மண்ணின் தாங்கலை எடுத்துவிடுகிறோம். வெட்டிய மண்ணை முன்பக்கம் கொட்டி முற்றம் அமைக்கும்போது இறுகாத மண்ணைச் சரிவின் தலையில் ஏற்றுகிறோம். பாதி வெட்டிலும் பாதி நிரப்பிலும் நிற்கும் வீடு விரிசல் விடுவது இதனால்தான். நீர் வடியத் துளைகள் வைக்காத தாங்குசுவர் பாதுகாப்பே அல்ல. அது பின்னால் தண்ணீரைச் சேர்த்து வைக்கும்.

வீடு பார்க்கும்போது சுவரின் வண்ணப்பூச்சைவிட்டுப் பின்வளவுக்குப் போங்கள். மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றனவா? வேலித்தூண்கள் வரிசை குலைந்திருக்கின்றனவா? கதவு நிலையில் இறுகுகிறதா? முன்பு இல்லாத இடத்தில் ஊற்று கிளம்பியதாகவோ, ஊற்று நீர் திடீரெனக் கலங்கியதாகவோ அயலவர் சொல்கிறார்களா? நிலத்திலோ சீமெந்துத் தரையிலோ பிறை வடிவில் வெடிப்பு இருந்தால் அந்தக் காணியை விட்டுவிடுங்கள். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

இதற்கென்றே ஓர் அரச நிறுவனம் இருக்கிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மலையக மாவட்டங்களுக்கு 1:10,000 அளவில் மண்சரிவு அபாய வரைபடங்களைத் தயாரித்திருக்கிறது. அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டட அனுமதி பெற அதன் அறிக்கை 2011 முதல் வேண்டப்படுகிறது. மழைக்கு அது வைத்திருக்கும் எல்லைகளை மலையில் வாழும் ஒவ்வொரு குடும்பமும் மனப்பாடம் செய்ய வேண்டும்: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 தாண்டினால் வெளியேற ஆயத்தம், 150 தாண்டினால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 பெய்தால், உடனே வெளியேற்றம். பக்கங்கள் நேராக உள்ள ஒரு தகரப் பேணியைத் திறந்த வெளியில் வைத்து அடிமட்டத்தால் அளந்தாலே மழையின் அளவு தெரிந்துவிடும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இடத்தைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள் என்று எழுத முடிவது தெரிவு செய்யக்கூடியவர்களுக்கு மட்டுமே. கண்டி மாவட்டத்தின் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை பயிரிட்டார். அதற்கு முன்பே கோப்பிக்காக இந்த மலைகளின் காடுகள் அழிக்கப்பட்டுவிட்டன. ஆழமாக வேர்விட்ட மரங்கள் போன சரிவுகளில்தான் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளருக்கு லயன்கள் கட்டப்பட்டன. எங்கே கட்டுவது என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. 2014 ஒக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்தின் மீரியபெத்தவில் லயன்களோடு மக்களும் புதைந்தார்கள். அந்த இடம் ஆபத்தானது என்பது முன்பே அறியப்பட்டிருந்தது. போக வேறு காணி இருக்கவில்லை. பாதுகாப்பான காணியை அவர்களுக்குப் பெயரெழுதிக் கொடுப்பது அரசின் கடமை, தாமதிக்க முடியாத கடமை.

சரிவுக்குப் பயந்து பள்ளத்தில் வீடு எடுத்தால் வெள்ளத்தைப் பார்க்க வேண்டும். தமிழ் பேசும் முஸ்லிம்கள் பெருமளவில் வாழும் அக்குறணை நகரைப் பிங்கா ஓயா திரும்பத் திரும்ப மூழ்கடிக்கிறது. ஓயாவின் பாதையைக் கட்டடங்கள் நெருக்கியது அதற்கு ஒரு முக்கிய காரணம். கம்பளையும் பேராதனையின் தாழ்நிலங்களும் மகாவலி பெருகினால் நீருக்குள் போகும். அயலிலுள்ள வயதானவரிடம் தண்ணீர் எந்தப் படிவரை வந்தது என்று கேளுங்கள். சுவரில் அதன் கறையும் இருக்கும்.

குழாய்நீர் இல்லாத மேட்டு வீடுகள் கிணற்றையோ ஊற்றையோ நம்பியிருக்கின்றன. சமதரையில் கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பார்த்தால் போதும். மலையில் மேல்வீட்டுக்காரரின் குழி எங்கே இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும், ஏனெனில் நிலத்தடி நீர் சரிவு வழியே கீழே வரும். கண்டி வாவியே இதற்குச் சாட்சி: 1812இல் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன் காலத்தில் கட்டி முடிக்கப்பட்ட அந்த வாவி, சுற்றுச் சரிவுகளிலிருந்து வந்த கழிவின் ஊட்டத்தால் 1999இல் பச்சைப் பாசியால் மூடப்பட்டது. குடிநீரைக் கொதிக்க வைத்தே அருந்துங்கள்.

டெங்குவைப் பற்றிச் சுருக்கமாக. ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் குளிர் ஈடிஸ் நுளம்பையும் அதற்குள் வைரஸ் பெருகுவதையும் கட்டுப்படுத்துகிறது. கண்டியின் வெப்பம் அவை இரண்டுக்கும் போதுமானது. இலங்கையில் ஒரு இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்குவால் பீடிக்கப்பட்ட 2017இல் கண்டியும் தப்பவில்லை. கூரைப் பீலியில் இலை அடைத்து நீர் தேங்குவதை வாரம் ஒருமுறை பாருங்கள். குரங்குகளும் அந்தக் கூரைக்கு வரும். உடவத்தகெலே, ஹந்தானை அண்டிய வீடுகளில் யன்னலுக்கு வலை போடுவது நல்லது.

2020 ஆகஸ்ட் இறுதியிலிருந்து திகன, ஹாரகம பக்கங்களில் சிறு நில அதிர்வுகள் உணரப்பட்டதைச் சிலர் கேட்டுக் கலங்குகிறார்கள். அவை 2 அளவை ஒட்டிய சிற்றதிர்வுகள். விக்டோரியா நீர்த்தேக்கத்தின் சுமையா, சுண்ணக்கல் அகழ்வா, பழைய பாறைப் பிளவுகளா என்று விவாதம் நடந்தது. பல்லேகலையில் உலக நில அதிர்வு வலையமைப்பைச் சேர்ந்த நிலையம் ஒன்று இயங்குகிறது, அதிர்வுகள் கண்காணிக்கப்படுகின்றன. அதற்காகக் கண்டியைத் தவிர்க்கத் தேவையில்லை. மழையும் சரிவுமே இங்கே பெரிய ஆபத்து.

ஆகவே முடிந்தால் ஜனவரியின் இதமான வெயிலில் வீடு பார்க்காதீர்கள். ஒக்டோபரில் அல்லது நவம்பரில், அடைமழை பெய்து ஓய்ந்த மறுநாள் போய்ப் பாருங்கள். காணி உறுதியைச் சட்டத்தரணியிடம் காட்டுவதோடு நிற்காமல், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கண்டி அலுவலகத்திலும் கிராம உத்தியோகத்தரிடமும் அந்தச் சரிவைப் பற்றி விசாரியுங்கள். வாடகை வீடானாலும் விசாரியுங்கள். முற்பணம் அதற்குப் பிறகு போதும்.