அப்பா நிலத்தில் பங்கு கேட்ட 5 சகோதரிகள்: பைபிளில் அதிகம் பேசப்படாத பெண்கள் இன்றைக்கு ஏன் முக்கியம்?

கும்மிடிப்பூண்டி அருகே உள்ள தேர்வாய் கண்டிகையைப் பலருக்கும் இரண்டு காரணங்களால் தெரியும். ஒன்று, மிச்செலின் டயர் ஆலை இருக்கும் சிப்காட் தொழிற்பூங்கா. இன்னொன்று, சென்னையின் குடிநீருக்காகக் கட்டப்பட்டு 2020 நவம்பர் 21-ல் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை - தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம். இதன் கொள்ளளவு 500 மில்லியன் கன அடி.

இரண்டுக்குமே நிலம் தேவைப்பட்டது. சிப்காட்டுக்குப் போனது ஊர் மக்கள் மாடு மேய்த்துவந்த மேய்ச்சல் நிலம். அதை எதிர்த்துப் போராட்டங்களும் நடந்தன. நீர்த்தேக்கத்துக்காக விவசாயிகளின் பட்டா நிலங்களும் கையகப்படுத்தப்பட்டன.

இப்படி நிலத்துக்குத் திடீரென மதிப்பு வரும் ஊர்களில் முதலில் எழும் கேள்வி, "பட்டா யார் பேர்ல இருக்கு?" என்பதுதான். பல வீடுகளில் அது அப்பா பெயரிலோ அண்ணன் பெயரிலோ இருக்கும். கல்யாணமாகிப் போன மகளின் பெயர் அதில் இருக்காது.

இந்தப் பிரச்சினையை ஐந்து சகோதரிகள் ஊரைக் கூட்டிப் பேசிய கதை பைபிளில் இருக்கிறது. ரூத், எஸ்தர் அளவுக்கு இவர்களைப் பலருக்குத் தெரியாது.

யார் இந்த ஐந்து பேர்?

மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். மனாசே கோத்திரத்தைச் சேர்ந்த செலொப்பியாத் என்பவரின் மகள்கள். எண்ணாகமம் 27-ம் அதிகாரத்தில் இவர்களின் கதை வருகிறது.

எகிப்திலிருந்து வெளியேறிய இஸ்ரவேலர்கள், கானான் நாட்டுக்குள் நுழையும் முன் மக்கள்தொகைக் கணக்கு எடுக்கிறார்கள். 20 வயதும் அதற்கு மேலும் ஆன ஆண்களைத்தான் எண்ணுகிறார்கள். அந்தக் கணக்கை வைத்துதான் நிலம் பிரிக்கப்படப் போகிறது. செலொப்பியாத் ஏற்கெனவே வனாந்தரத்தில் இறந்துவிட்டார். அவருக்கு மகன்கள் இல்லை. அப்படியென்றால் அந்த வீட்டுக்குப் பங்கே கிடையாது.

ஐந்து பேரும் மோசே, ஆசாரியன் எலெயாசார், தலைவர்கள், மொத்தச் சபை என எல்லோர் முன்பும் போய் நிற்கிறார்கள். தங்கள் அப்பா கோராகுவின் கலகத்தில் சேர்ந்தவர் இல்லை என்பதை முதலில் தெளிவுபடுத்துகிறார்கள். மகன் இல்லை என்பதற்காக அவருடைய பெயர் ஏன் அழிய வேண்டும் என்று கேட்கிறார்கள். தங்களுக்கும் நிலம் வேண்டும் என்கிறார்கள்.

மோசேக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. கடவுளிடம் கேட்கிறார். அவர்கள் கேட்பது நியாயம் என்று பதில் வருகிறது. மகன் இல்லாவிட்டால் சொத்து மகளுக்கு என்பது எல்லோருக்கும் பொதுவான சட்டமாகிறது. இதில் ஒரு வரம்பும் உண்டு. மகன் இருந்தால் மகளுக்குப் பங்கு என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை.

அதோடு முடிந்ததா?

இல்லை. 36-ம் அதிகாரத்தில் அதே கோத்திரத்தின் தலைவர்கள் ஆட்சேபம் தெரிவிக்கிறார்கள். இவர்கள் வேறு கோத்திரத்தில் கல்யாணம் செய்தால் நிலமும் அங்கே போய்விடுமே என்பது அவர்கள் கவலை. அதனால் சொந்தக் கோத்திரத்துக்குள்தான் மணம் செய்ய வேண்டும் என்ற நிபந்தனை வருகிறது. ஐந்து பேரும் சித்தப்பா, பெரியப்பா மகன்களை மணக்கிறார்கள்.

மோசே இறந்த பிறகு யோசுவா நிலத்தைப் பிரிக்கும்போது, சகோதரிகள் மறுபடியும் போய் அந்தத் தீர்ப்பை நினைவூட்டுகிறார்கள். அப்போதுதான் நிலம் கைக்கு வருகிறது (யோசுவா 17). தீர்ப்பு கிடைத்ததும் அவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிடவில்லை.

நம்ம பக்கத்தில் நடந்த கதை

1980-களில் மேரி ராய் உச்ச நீதிமன்றம் போனார். எழுத்தாளர் அருந்ததி ராயின் அம்மா. கேரள சிரியன் கிறிஸ்தவர். ஊட்டியில் தன் தந்தைக்குச் சொந்தமான வீட்டில் குழந்தைகளோடு தங்கியிருந்தபோது, அங்கிருந்து அவரை வெளியேற்றும் முயற்சி நடந்தது. அன்று திருவிதாங்கூர் பகுதி கிறிஸ்தவர்களுக்கு 1916-ம் ஆண்டு வாரிசுச் சட்டம் பின்பற்றப்பட்டது. அதன்படி மகனுடைய பங்கில் கால் பகுதி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் மகளுக்கு.

1986 பிப்ரவரி 24-ல் தீர்ப்பு வந்தது. அந்தச் சட்டம் செல்லாது, இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925-தான் பொருந்தும் என்றது நீதிமன்றம். அதன் பிறகும் தன் பங்கை வாங்க அவர் பல ஆண்டுகள் வழக்கு நடத்த வேண்டியிருந்தது.

இன்றைய சட்டம் என்ன சொல்கிறது?

கிறிஸ்தவர்கள்: உயில் எழுதாமல் அப்பா இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி, மகன் மகள் என்ற பேதமின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாக.

இந்துக்கள்: பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை. தமிழ்நாடு இதை 1989 மார்ச் 25 முதல் கொண்டுவந்தது. ஆனால் அன்று திருமணமாகாத மகள்களுக்கு மட்டும். 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டம் திருமணமானவர்களையும் சேர்த்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று 2020 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாகப் பதிவான பாகப்பிரிவினையை இது பாதிக்காது.

முஸ்லிம்கள்: தனிச் சட்டத்தின்படி மகனுக்குக் கிடைப்பதில் பாதி மகளுக்கு.

அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம் என்பதையும் கிறிஸ்தவ, இந்துக் குடும்பங்கள் மறக்கக் கூடாது.

சரி, என்ன செய்யலாம்?

* பட்டா, சிட்டா விவரங்களைத் தமிழ்நாடு அரசின் இணையச் சேவையில் மொபைலிலேயே பார்க்கலாம். வில்லங்கச் சான்று பதிவுத்துறை தளத்தில் கிடைக்கும்.
* அப்பா இறந்த பிறகு வாங்கும் வாரிசுச் சான்றில் மகள்கள் அனைவரின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள்.
* "சும்மா ஒரு கையெழுத்துதான்" என்று நீட்டப்படும் தாள் விடுதலைப் பத்திரமாக இருக்கலாம். அதில் கையெழுத்திட்டால் உங்கள் பங்கை விட்டுக்கொடுத்ததாக அர்த்தம். பதிவான பிறகு அதை மாற்ற கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். படிக்காமல் போட வேண்டாம்.
* நிலம் கையகப்படுத்தப்படும்போது, பட்டாவில் பெயர் இல்லாத வாரிசும் எழுத்து மூலம் உரிமை கோரலாம். பணம் பட்டுவாடா ஆகும் முன்பே கோர வேண்டும்.

விட்டுக்கொடுக்க நினைப்பவர்கள் தாராளமாக விட்டுக்கொடுக்கலாம். ஆனால் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து செய்வது வேறு, தெரியாமல் கையெழுத்துப் போடுவது வேறு. அந்த ஐந்து சகோதரிகளும் நிலம் பிரிப்பதற்கு முன்பே போய்க் கேட்டார்கள். அதனால்தான் அவர்கள் அப்பாவின் பெயர் கணக்கில் வந்தது.