குறைமாதக் குழந்தையும் வெள்ளிப் பாலாடையும்

சென்ற வருடம் இங்கே அஜ்மானில் என் தங்கைக்கு 31 வாரத்திலேயே பிரசவமாகிவிட்டது. பெண் குழந்தை, ஒன்றரைக் கிலோ. ஊரிலிருந்து அம்மா தினமும் போனில் கேட்டது ஒன்றுதான்: "பால் குடிச்சாளா?"

குடிக்கவில்லை. மூக்கு வழியே மெல்லிய குழாய் போட்டு, தாய்ப்பாலை வயிற்றுக்குள் இறக்கினார்கள். தன்னிடம்தான் ஏதோ குறை என்று தங்கை அழுதாள். அப்படி இல்லை. விழுங்குவதைக் குழந்தை கருவிலேயே பழகிவிடும். 28 வாரத்தில் சப்பவும் செய்யும். ஆனால் சப்பி, விழுங்கி, நடுவில் மூச்சும் விட வேண்டுமே! இந்த மூன்றும் தாளம் தப்பாமல் சேர்ந்து வர 32 முதல் 34 வாரமாகும். சில குழந்தைகளுக்கு இன்னும் தாமதமாகும். அதற்குமுன் அவசரப்பட்டால் பால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. குழந்தையைத் தாயின் வெறும் மார்பில் அணைத்து வைத்தார்கள். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத நிலையில் டாக்டர் எட்கர் ரே தொடங்கிய 'கங்காரு' முறை இது. குழாயில் பால் இறங்கும் நேரத்திலேயே, பாலைப் பீய்ச்சி எடுத்துவிட்ட மார்பில் வாய் வைத்துச் சப்பப் பழக்கினார்கள்.

இதற்கிடையில் அம்மா, ஊருக்குப் போய்வந்த ஒருவரிடம் வெள்ளிப் பாலாடையைக் கொடுத்தனுப்பினார். சில வீடுகளில் சங்கு என்பார்களே, அதேதான். நர்ஸ் சிரிப்பாரோ என்று பையிலேயே ஒளித்து வைத்திருந்தேன். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், எடை குறைந்த குழந்தைகளுக்குப் பீய்ச்சிய பாலைப் புகட்ட, கிண்ணம், ஸ்பூனுடன் பாலாடையும் பெயர் சொல்லியே இடம் பெற்றிருக்கிறது! புட்டியைவிடக் கழுவுவதும் எளிது. ஒவ்வொரு முறையும் கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும்.

புகட்டும் விதத்தில்தான் கவனம் வேண்டும். மல்லாத்திப் போட்டு வாயில் ஊற்றுவதை ஊரில் பார்த்திருக்கிறேன். அது கூடவே கூடாது. குழந்தை விழித்திருக்கும்போது, தலையையும் முதுகையும் தாங்கி, நிமிர்ந்தவாக்கில் பிடித்து, பாலாடை மூக்கைக் கீழுதட்டில் வையுங்கள். பால் உதட்டில் பட்டால் போதும். அவளே உறிஞ்சட்டும். இருமினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, விரல்களை விரித்துக்கொண்டாலோ உடனே நிறுத்திவிடுங்கள். நர்ஸ் பக்கத்தில் இல்லாமல் முதல்முறை முயல வேண்டாம்.

34 வாரம் முடிந்த அன்று உள்ளே போனது 5 மில்லி. அதற்கு 20 நிமிடம்! வேலைக்குப் போகும் தங்கைக்குக் கிடைத்த 60 நாள் விடுப்பில் 33 நாள் ஆஸ்பத்திரியிலேயே கழிந்தது. குழாயை எடுத்துவிட்டு, மார்பிலும் பாலாடையிலுமாகக் குடித்துக்கொண்டுதான் மருமகள் வீட்டுக்கு வந்தாள்.